கீழ்மூலையில் ஒதுங்கிய கூளம்

எங்கள் நிலத்தில் பெரிய வயல் என்று சொல்வது ஒன்றேகால் ஏக்கர். கும்பகோணத்துக்குக் கிழக்கே, வாய்க்கால் பாசனம். அந்த வயலில் கிழக்கு வரப்பும் வடக்கு வரப்பும் சேரும் மூலை ஒன்று உண்டு. ஆனியில் நடும் குறுவை நெல் பொதி கட்டும் (கதிர் உறைக்குள் உருவாகும்) சமயத்தில் ஒவ்வொரு வருஷமும் அந்த மூலையிலிருந்துதான் பயிர் கருக ஆரம்பிக்கும். முதலில் ஒரு பாய் அகலம். பத்து நாளில் ஒரு களம் அகலம். அப்பா காலத்திலேயே அப்படித்தான். "அந்த மூலை மண்ணு சரியில்லடா" என்று சொல்லிவிட்டு அவர் அதிகமாக எரு கொட்டுவார்.

நோய் என்னவோ பழகியதுதான். இலையுறை கருகல். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தண்டைச் சுற்றியிருக்கும் இலையுறையில் பச்சையும் சாம்பலும் கலந்த நீள்வட்டப் புள்ளி விழும். நடுப்பகுதி வெளுத்து, ஓரம் பழுப்பாகி, புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்ததும் பார்ப்பதற்குப் பாம்புச் சட்டை ஒட்டியது போல இருக்கும். கீழிருந்து மேலே ஏறி, கதிரை ஒட்டிய கடைசி இலையான கண்ணாடி இலை வரை வந்துவிட்டால் கதிர் பாதி பதராகிவிடும்.

வருஷத்துக்கு மூன்று தடவை மருந்து அடித்திருக்கிறோம். மருந்துக் கடையில் ஒரு வருஷம் ஒன்றைக் கொடுப்பார்கள், அடுத்த வருஷம் அதைவிட விலை கூடிய இன்னொன்று. கடையில் கேட்ட ஒரே கேள்வி "எத்தனை ஏக்கர்?" என்பதுதான். நோய் எங்கே தொடங்குகிறது, போன வருஷத் தாளை (கதிர் அறுத்த பின் நிற்கும் அடித்தண்டை) என்ன செய்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. நெருக்கமாக வளர்ந்த பயிரில் மேலிருந்து அடிக்கும் மருந்து இலையில் நின்றுவிடுகிறது. நோய் இருப்பதோ முழங்காலுக்குக் கீழே. அடித்தூருக்கு மருந்து போய்ச் சேராமல் எத்தனை முறை அடித்தாலும் பாதிப் பணம் இலைக்குத்தான் போகும்.

விஷயம் புரிந்தது ஒரு ஆனி மாதத்தில், நடவுக்குச் சேறு அடித்துக்கொண்டிருந்தபோது. கேஜ் வீல் போட்ட டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது, மேல்காற்று நல்ல வேகம். விதைச் சான்று வேலையாக வந்திருந்த வேளாண் அலுவலர், சின்ன வயசுப் பெண், பேசிக்கொண்டே வரப்பில் நடந்து அந்த மூலைக்குப் போய்விட்டார். அங்கே நுரையும் பழைய தாளும் சருகும் ஒரு முழ அகலத்துக்கு ஒதுங்கிக் கிடந்தன. குனிந்து ஒரு கை அள்ளி, தண்ணீரில் அலசி, உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"அண்ணா, இது மண்ணுன்னு நினைச்சீங்களா?"

கடுகை விடக் கொஞ்சம் பெரிதாக, ஒழுங்கில்லாத வடிவத்தில், பழுப்பு நிறத்தில் பத்துப் பதினைந்து மணிகள். நகத்தால் அழுத்தினால் உடையவில்லை.

"போன வருஷ நோயோட விதை இதுதான். காத்து எங்க ஒதுக்குதோ அங்கதான் உங்களுக்கு முதல்ல கருகும்."

முப்பது வருஷமாக மண் கெட்டது என்று நாங்கள் நினைத்திருந்த மூலை அது. ஆனி, ஆடியில் காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது. மிதப்பதெல்லாம் வடகிழக்கில்தான் ஒதுங்கும். எங்கள் பக்கம் நிலச்சரிவும் கிழக்கு நோக்கித்தான் என்பதால் தண்ணீரும் அங்கேதான் தேங்கும். அப்பா எரு கொட்டக் கொட்ட அந்த இடத்தில் தழைச்சத்து ஏறி, பயிர் கருகருவென்று நெருங்கி, நோய்க்கு இன்னும் வசதியாகப் போயிருக்கிறது.

அந்த மணிகளுக்கு ஸ்கிளிரோசியம் என்று பெயர். ரைசோக்டோனியா என்ற பூஞ்சை தன் இழைகளைச் சுருட்டி இறுக்கிக்கொண்ட முடிச்சு. நோய் தாக்கிய தூரில் முதலில் வெள்ளையாகப் பஞ்சு போலத் தோன்றி, இறுகிப் பழுப்பாகி, அறுவடையின்போது உதிர்ந்து மண்ணில் விழுகிறது. தாளிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். மண்ணில் ஒரு வருஷம், இரண்டு வருஷம் கூட உயிரோடு கிடக்கும். சேறு அடிக்கும்போது மிதந்து வந்து, நட்ட பயிரின் தூரில் தண்ணீர் மட்டத்தில் ஒட்டி, அங்கே முளைக்கிறது. முதல் புள்ளி தண்ணீர் மட்டத்துக்கு மேலே விழுவது அதனால்தான்.

ஆக, பொதிப் பருவத்தில் நாங்கள் பார்த்துப் பதறியது நோயின் முடிவை. அதன் ஆரம்பம் எட்டு மாதத்துக்கு முந்தைய அறுவடையில் இருந்தது. கதிர் அறுத்த அன்றைக்கே அடுத்த வருஷ நோயைத் தடுக்கும் வேலையைத் தொடங்க வேண்டும் என்று எனக்கு உறைத்தது அப்போதுதான். ஆனால் அதைச் சரியாகச் செய்யக் கற்றுக்கொள்ள இன்னும் மூன்று வருஷம் ஆயிற்று.

முதல் வருஷம் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் அதைச் செய்கிறார்கள். தாளை அழித்தால் போதும் என்று நினைத்து, நடவுக்கு ஒரு வாரம் முன்பு தண்ணீர் கட்டி, மண்ணை நறுக்கிக் கலக்கும் ரோட்டாவேட்டர் விட்டேன். வயல் பார்க்கப் பஞ்சு மாதிரி இருந்தது. அந்தக் குறுவையில் நோய் மூலையில் மட்டும் வரவில்லை, வயலின் நடுவிலும் அங்கங்கே திட்டுத் திட்டாக வந்தது. ரோட்டாவேட்டர் அதிக ஆழத்துக்குப் போவதில்லை. நோய்த் தாளைத் துண்டு துண்டாக நறுக்கி, முடிச்சுகளை மேல் மண்ணிலேயே வயல் முழுக்கத் தூவி விட்டிருக்கிறது. கருவி மேல் குற்றமில்லை. நான் விட்ட நேரமும் முறையும்தான் தப்பு. போதாததற்கு, உழுத ஆறாம் நாளே நட்டதால் பச்சைத் தாள் சேற்றுக்குள் அழுகி, நட்ட பயிர் இரண்டு வாரம் மஞ்சளாகவே நின்றது. மக்காத தாளைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்த தழைச்சத்தை முதலில் எடுத்துக்கொள்ளும், பயிருக்கு மிஞ்சாது. இப்போதெல்லாம் ஈரத்தில் தாளை மடக்கி உழுதால் குறைந்தது பதினைந்து நாள் விடுகிறேன், இடையில் ஒரு முறை தண்ணீரை வடிக்கிறேன்.

சரி, இப்போது செய்வதற்கு வருகிறேன்.

அறுவடைக்குப் பத்து நாள் முன்பு வயலைச் சுற்றி நடந்து, கருகின இடங்களில் எல்லாம் ஒரு குச்சி நட்டு, நுனியில் பழந்துணி கட்டிவிடுகிறேன். கதிர் முற்றி வயல் முழுக்க ஒரே பொன்னிறமாகிவிட்டால் எது நோய், எது முற்றல் என்று தெரியாது. சில தூர்களைப் பிடுங்கித் தண்டைக் கீறியும் பார்க்கிறேன். உள்ளே மிளகுத்தூள் தூவினாற்போல மிகச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் உருண்டையாக இருந்தால் அது தண்டழுகல். அதுவும் முடிச்சு வழியாகவே பிழைக்கும் நோய்தான். தாளோடு வயலில் கிடந்து, அடுத்த பட்டத்தில் தண்ணீரில் மிதந்து வரும். இரண்டுக்கும் வைத்தியம் ஏறக்குறைய ஒன்று.

அறுவடை இயந்திரம் வரும்போது, குச்சி நட்ட இடத்தைக் கடைசியாக அறுக்கச் சொல்கிறேன். ஓட்டுநர்கள் முணுமுணுப்பார்கள், மணிக்கணக்கில் வாடகை ஓடுகிறதே என்று. ஆனாலும் விடக்கூடாது. முதலில் அங்கே இறங்கினால் பெல்ட்டில் ஒட்டும் சேறும், பின்னால் சிதறும் வைக்கோலும் நோயை வயல் முழுக்கக் கொண்டு போகும். இயந்திரம் ஒரு அடி உயரத்துக்குத் தாளை விட்டுவிட்டுப் போகிறது. நோயின் பெரும்பகுதி அந்த ஒரு அடியில்தான் இருக்கிறது. அதனால் குச்சி நட்ட இடத்தில் மட்டும் ஆள் விட்டு, கருக்கரிவாளால் தரையோடு ஒட்ட அறுத்து வெளியே எடுத்துவிடுகிறோம். அரை நாள் வேலை, இரண்டு ஆள் போதும். அந்தத் தாளைக் குப்பையில் பரப்பி வைக்காமல், சாணியோடு அடுக்கடுக்காகக் குவித்து, நன்றாகச் சூடேறி மக்கிய பிறகுதான் எருவாக எடுக்கிறேன். அரைகுறையாக மக்கியதை வயலுக்குக் கொண்டு போனால் நோயை நாமே வண்டி கட்டிக் கொண்டு போய்க் கொட்டியது போல ஆகும்.

கொளுத்திவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: நான் ஒரு முறை கொளுத்தியிருக்கிறேன். மேலே சருகு எரிந்தது. சேற்றுக்குள் இருந்த அடிக்கட்டை ஈரமாக அப்படியே நின்றது. மண்ணில் உதிர்ந்த முடிச்சுக்குச் சூடே எட்டவில்லை. ஒரு டன் வைக்கோலில் தழைச்சத்து 5 முதல் 8 கிலோ வரை இருக்கிறது, சாம்பல்சத்து அதைப் போல இரண்டு மடங்கு. கொளுத்தினால் தழைச்சத்து கிட்டத்தட்ட முழுவதும் புகையாகப் போகிறது. நோய் போகாமல் சத்து மட்டும் போவதற்கு எதற்கு நெருப்பு?

இனி உழவு. எங்கள் பக்கம் குறுவைக்கும் அதன் பின் நடும் தாளடிக்கும் இடையே அதிக நாள் கிடைப்பதில்லை. குறுவை அறுத்ததும் மழை பிடித்துக்கொள்ளும், காய விட முடியாது. அங்கே ஈரத்தில் மடக்கி அழுக விடுவது ஒன்றே வழி. உண்மையான சந்தர்ப்பம் தாளடி அறுத்த பிறகு, தை கடைசியிலிருந்து வைகாசி வரை. அந்த வெயில் நமக்கு இலவசமாகக் கிடைக்கும் மருந்து.

ஆனால் அங்கே உளுந்து குறுக்கே நிற்கிறது. டெல்டாவில் நெல் அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, நிற்கும் பயிருக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவோம். உழவில்லை, தண்ணீரில்லை, மிச்சமிருக்கும் ஈரத்திலும் பனியிலும் விளையும். அதை அறுக்கச் சித்திரை ஆகிவிடும். அதுவரை தாள் அப்படியே நிற்கும். அதோடு, நெல்லைக் கருக்கும் அதே ரைசோக்டோனியா உளுந்தையும் பிடிக்கும், இலைகளைச் சிலந்தி வலை போல ஒட்ட வைத்து அழுக வைக்கும். நோய் முற்றிய வயலில் உளுந்து போடுவது பூஞ்சைக்குக் கோடையிலும் சோறு போடுவது மாதிரி.

இதற்காக உளுந்தை விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குடும்பத்துக்குக் கோடைக் காசு அது ஒன்றுதான், மண்ணுக்கும் நல்லது. நான் செய்தது ஒரு பாதி வழி: நோய் மோசமாக இருந்த பெரிய வயலில் மட்டும் ஒரு வருஷம் உளுந்தை விட்டேன். மற்ற வயல்களில் வழக்கம் போலத் தெளித்தேன். வீட்டில் இதற்குப் பெரிய பேச்சு நடந்தது. "ஒரு வருஷம்தானே, பாப்போம்" என்று அம்மா சொன்ன பிறகுதான் அடங்கியது.

அந்த வருஷம் பெரிய வயல் காலியாக இருந்ததால், ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வரும் கீதாரி (ஆட்டு மந்தை மேய்ப்பவர்) ஒருவர் ஆட்டைக் கிடை போடக் கேட்டார். நாலு ராத்திரி கிடை கிடந்தது. ஆடுகள் தாளில் துளிர்த்த மறுதாம்பையும் வரப்புப் புல்லையும் ஒட்ட மேய்ந்துவிட்டன. மறுதாம்பை நாம் கவனிப்பதே இல்லை. அறுத்த தூரிலிருந்து வரும் அந்தப் பச்சைத் துளிர்தான் பல நோய்களுக்கும் பூச்சிகளுக்கும் அடுத்த பட்டம் வரை தங்குமிடம். புழுக்கையும் மூத்திரமும் எருவானது போக, மேய்ச்சலே நோயைத் தடுக்கும் ஒரு வேலையாக அமைந்தது.

பிறகு உழவு மழைக்குக் காத்திருந்தேன். எங்கள் களிமண் காய்ந்தால் கடப்பாரை இறங்காது. ஈரம் அதிகமிருக்கும்போது உழுதால் கட்டி கட்டியாக வழுக்கிக்கொண்டு வரும், உள்ளே காற்றே போகாது. கைப்பிடி மண்ணை உருட்டி, இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் உடைந்து சிதற வேண்டும். அதுதான் பதம். பங்குனியில் ஒரு மழை கிடைத்தது, மூன்றாம் நாள் பதம் வந்தது. இறக்கைக் கலப்பை போட்டு முக்கால் அடி ஆழத்துக்கு ஒரு முறை புரட்டிப் போட்டேன். மேலிருந்த தாளும் முடிச்சும் அடியில் போயின, அடி மண் கட்டிகளாக மேலே வந்தது. அப்படியே வெயிலில் விட்டேன். பரம்படிக்கவில்லை, கட்டியை உடைக்கவில்லை. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், இருக்கட்டும். சித்திரையில் இன்னொரு மழைக்குப் பிறகு ஐந்து கொத்துக் கலப்பையால் குறுக்கே ஒரு உழவு. நனைவது, காய்வது, மறுபடி நனைவது என்று மாறி மாறி நடக்கும்போது முடிச்சுகள் வலுவிழக்கின்றன. மண்ணிலேயே இருக்கும் டிரைக்கோடெர்மா போன்ற பூஞ்சைகள் அவற்றைத் தின்னவும் செய்கின்றன.

ஆழ உழவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதை வருஷா வருஷம் செய்யாதீர்கள். இந்த வருஷம் ஆழப் புதைத்ததை அடுத்த வருஷம் அதே கலப்பையால் மேலே கொண்டு வந்துவிடுவோம். இரண்டு மூன்று வருஷமாவது அது அடியிலேயே கிடந்து மடியட்டும், அதுவரை ஐந்து கொத்து, ஒன்பது கொத்து உழவு போதும். இன்னொன்று, சேறடித்துச் சேறடித்துப் பல தலைமுறையாக உருவான கெட்டித்தரை நெல் வயலுக்கு அடியில் இருக்கிறது. அதை உடைத்துவிட்டால் தண்ணீர் நிற்காது, டிராக்டர் புதையும். என் வயலில் கெட்டித்தரை சற்று ஆழத்தில் இருந்ததால் தப்பித்தேன். கடப்பாரையால் நாலு இடத்தில் குத்திப் பார்த்துவிட்டுக் கலப்பையை இறக்குங்கள்.

வரப்பை மறந்துவிட்டு வயலை மட்டும் உழுதால் பாதி வேலைதான். அருகு, கோரை, குதிரைவாலிப் புல் எல்லாவற்றிலும் இந்தப் பூஞ்சை தங்கும். உழவோடு உழவாக அண்டை வெட்டி (வரப்பின் பக்கத்தைச் செதுக்கி), புல்லை வேரோடு எடுத்து, நடவுக்கு முன் சேறு பூசிவிடுகிறேன்.

ஆனியில் சேறடிக்கும் நாள்தான் எனக்கு இப்போது மிக முக்கியமான நாள். தண்ணீர் கட்டி, உழுது, பரம்படித்ததும் அவசரப்படாமல் ஒரு ராத்திரி விடுகிறேன். காலையில் காற்று தன் வேலையைச் செய்திருக்கும். கீழ்மூலையில் ஒதுங்கிய கூளத்தை, பழைய கொசுவலையை இரண்டு கம்பில் கட்டி, நானும் என் மகனும் அரித்து எடுக்கிறோம். முதல் வருஷம் ஆறு கூடை வந்தது. அதை வரப்பில் கொட்டாமல் தூரக் கொண்டு போய்க் காயவைத்து எரித்துவிடுகிறேன், நான் நெருப்பு வைப்பது இந்த ஒன்றுக்குத்தான். செலவே இல்லாத வேலை. இதை மட்டுமாவது எல்லோரும் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

மற்றவை சுருக்கமாக. வேப்பம் பிண்ணாக்கு ஏக்கருக்கு 60 கிலோ அடியுரத்தோடு. நட்ட முப்பதாம் நாள், நோய்ப் பூஞ்சையை அடக்கும் பாக்டீரியாவான சூடோமோனாஸ் ஒரு கிலோவை 20 கிலோ மக்கிய எருவில் கலந்து தூவுகிறேன். யூரியாவை ஒரே தடவையாகக் கொட்டாமல் பிரித்துப் போடுகிறேன். அந்தக் கீழ்மூலைக்கு மட்டும் கூடுதல் எருவை நிறுத்திவிட்டேன். நடவில் அங்கே இடைவெளியைக் கொஞ்சம் கூட்டினேன்.

இவ்வளவும் செய்து நோய் அடியோடு ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. நாலாவது குறுவையில் கீழ்மூலையில் ஒரு முறம் அகலத்துக்குக் கருகியது, அங்கேயே நின்றுவிட்டது. மூன்று மருந்து அடித்த வயலில் அந்த வருஷம் ஒன்று, அதுவும் அந்த மூலைக்கு மட்டும், விசைத்தெளிப்பானின் முனையைத் தாழ்த்தி அடித்தூரில். இதற்கு முழு எதிர்ப்பு உள்ள நெல் ரகம் இதுவரை இல்லை என்பதால் உழவையும் தண்ணீரையும்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

எல்லாப் பூஞ்சை நோய்க்கும் கோடை உழவு வைத்தியம் என்று நினைத்துவிடக் கூடாது. அதே வருஷம் தாளடியில் ஆந்திரா பொன்னி போட்டேன், குலை நோய் வந்து கழுத்தில் அடித்தது. குலை நோயின் வித்துகள் காற்றில் பறந்து வருபவை. என் வயலை எத்தனை சுத்தமாக வைத்தாலும் பனியும் மேகமூட்டமும் சேர்ந்த நாளில் எங்கிருந்தோ வந்து இறங்கும். அதற்கு ரகத் தேர்வும், விதை நேர்த்தியும், தழைச்சத்தில் கட்டுப்பாடும் வேண்டும். உழுதுவிட்டோம் என்று நான் மெத்தனமாக இருந்ததற்கு ஏழெட்டு மூட்டை போயிற்று.

இன்னும் தீராத ஒன்று மேல் வயல். எங்களுக்குத் தண்ணீர் வயலுக்கு வயல்தான் பாய்கிறது. மேல் வயல் மாமா உளுந்துக்குப் பிறகு உழுவதில்லை, ஆனியில்தான் டிராக்டர் விடுவார். அவர் வயலில் சேறடிக்கும்போது மிதப்பதெல்லாம் மடை வழியாக என் வயலுக்கு இறங்குகிறது. போன வருஷம் மடையில் ஒரு வலைப்பையைக் கட்டினேன், பையைத் தூக்கிப் போய் அவரிடமே காட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுவா தம்பி ஏங் கீழ்மூலையிலயும் கருக்குது?" என்றார்.

இந்தச் சித்திரையில் உழவு மழை விழுந்தால் என் வயலுக்கு வரும் டிராக்டரே அவர் வயலுக்கும் இறங்குகிறது. வாடகையில் பாதி என்னுடையது என்று சொல்லிவிட்டேன்.